கூரைக்குள் நான் அடைத்தது

கோபத்தோடு ஓசூர் பஸ் ஏறிப்போன என் மகனுக்கு,

கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பிரித்து, மூலைகளில் மஞ்சள் தடவி, முதல் உறையில் நீ எழுதிய பெயர் உன் பெரியப்பாவுடையது. நான் அந்த உறையை எடுத்துக் கட்டின் அடியில் வைத்தேன். நீ அதைத் திரும்ப எடுத்து மேலே வைத்தாய். இருபத்தேழு வயது மகனும் ஐம்பத்தாறு வயது அப்பனும் ஒரு காகித உறையை மேலும் கீழுமாக மாற்றி வைத்துக்கொண்டிருந்ததை உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பந்தக்கால் நாட்டப் பெரியப்பாதான் வரணும்ப்பா. உங்களுக்கு மூத்தவர்னு அவர் ஒருத்தர்தான இருக்காரு" என்றாய். "அவன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றேன். "பதினாலு வருசமா இதையேதான் சொல்லுதிய. அவர் என்னதான் சொல்லணும்ங்கிய?" என்று கேட்டாய். அவன் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

கத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று மத்தியானம் சாப்பிடும்போது நீ உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். லாரி செய்யும் தொழிற்சாலையில், டிரைவர் உட்காரும் கேபினை வடிவமைக்கிற பிரிவில் இருக்கிறாய். புதிய கேபினின் கூரைக்குள் வெப்பத்துக்கு ஒரு அடுக்கு, சத்தத்துக்கு ஒரு அடுக்கு என்று நீங்கள் வைத்திருப்பதை விரலால் தட்டில் கோடு போட்டுக் காட்டினாய். "வெளிய இடி விழுந்தாக்கூட உள்ள இருக்கவருக்குக் கேக்காதுப்பா" என்றாய். நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ பேச்சை மாற்றினாய். அப்பாவுக்குக் கிடைக்காத வேலை மகனுக்குக் கிடைத்துவிட்டது, அந்தப் பொறாமை என்று நினைத்திருப்பாய். பொறாமை எனக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அன்று என் முகம் மாறியது அதனால் இல்லை.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் பேசினால் என் பக்கத்து நியாயம் என் வாயிலிருந்து முதலில் வந்துவிடும். அது எனக்குப் பழகிப்போன வேலை. எழுதினால் அடித்துத் திருத்தலாம். உனக்கு அனுப்பும் அதே நாளில் இதன் ஒரு படி லாரி உரிமையாளர் சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்கும் போகிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

உன் பெரியப்பா, என் அண்ணன், லாரி ஓட்டிய ஆண்டுகளில் கேபின் என்பது தகரப் பெட்டி. சேசிஸை வாங்கிவந்து, கேபினையும் பின்னால் சரக்கு ஏற்றும் பாடியையும் இங்கே தச்சநல்லூர் பக்கத்துப் பட்டறைகளில் கட்டிக்கொள்வார்கள். கூரைக்கு ஒரே தகடு. அதற்கு அடியில் அழகுக்கு ஒரு ரெக்சின். சித்திரை வைகாசியில் அந்தத் தகட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஓட்டுகிறவனின் தலை எப்படி இருக்கும் என்பதை நீங்கள் இன்று ஒரு கருவியை வைத்துத் தெரிந்துகொள்கிறீர்கள். நாங்கள் துண்டை வைத்துத் தெரிந்துகொண்டோம். அண்ணன் ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு புறப்படுவான். நாங்குநேரி தாண்டுவதற்குள் அது காய்ந்து, பிறகு வேர்வையில் திரும்ப நனைந்துவிடும். சிலர் கூரைமேல் நனைத்த சாக்கை விரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். வெயில் காலம் முழுக்க அண்ணனுக்குத் தலைவலி. வீட்டுக்கு வந்தால் கிணற்றடியில் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நிற்பான். யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது.

நான் அந்த வீட்டில் இன்ஜினியருக்குப் படித்தவன். முதல் வகுப்பு. ஒரு லாரித் தொழிற்சாலை நேர்முகத் தேர்வில், கேபினுக்குள் வெப்பத்தைக் குறைக்க என்ன செய்வாய் என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியும். ஆங்கிலத்தில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருந்த மூன்று பேரில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவர் மீசை, சட்டைப் பையில் அவர் செருகியிருந்த பேனா, எல்லாம் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் எதையும் மறக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதை ஒரு திறமையாக நினைத்துத்தான் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறேன். வேலை கிடைக்காமல் ஊருக்கு வந்து, பல வருடம் பிறர் பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு, சின்னதாக ஒரு பாடி கட்டும் பட்டறை போட்டேன். பட்டறையின் முதல் வண்டி அண்ணனுடையது.

முதலில் கூரைக்குள் தெர்மாகோல் வைத்தேன். ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு வண்டி குலுங்கக் குலுங்க அது உதிர்ந்து, ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட ஆரம்பித்தது. அண்ணன் அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். டீக்கடையில் பத்து டிரைவர்களை வைத்துக்கொண்டு சொன்னான். "வேய், எந்தம்பி கூரைக்குள்ள எலி வளக்கான், தெரியுமா? ஒரே கத்து. படிச்ச எலிவே அது, இங்கிலீசுல கத்துது." கடை அதிரச் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அண்ணன் மனதில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னான். அவன் எல்லாரையும் அப்படித்தான் கிண்டல் செய்வான். ஆனால் அந்த நேர்முகத் தேர்வு அறையின் சிரிப்பும் டீக்கடைச் சிரிப்பும் எனக்கு ஒன்றாகிவிட்டன.

தெர்மாகோலைப் பிடுங்கிப்போட்டுவிட்டுக் கண்ணாடிப் பஞ்சை வைத்தேன். அலுமினியத் தாளில் பொதிந்து, தகட்டுக்கும் ஒட்டுப்பலகைக்கும் நடுவில் இடைவெளி விட்டு, பலகைமேல் ரெக்சினை இழுத்துத் தைத்தேன். மூன்று நாள் கை முழுக்க அரிப்பு. உன் அம்மா தேங்காய் எண்ணெயைத் தடவித் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பாள். அந்தச் சித்திரையில் அண்ணன் கூடங்குளத்துக்கு ஜல்லி ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பியவன், நேராகப் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கினான். கழுத்திலிருந்த துண்டை எடுத்து என் கையில் போட்டான். "தொட்டுப் பாருலே. காஞ்சு கெடக்கு" என்றான். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டான். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரு காரியத்துக்கு யாரிடமிருந்தும் கிடைத்த முழுப் பாராட்டு அது ஒன்றுதான். அந்தத் துண்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அத்தோடு நின்றிருந்தால் நான் உனக்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதில்லை. வெப்பத்தைக் குறைக்கச் சொல்லி அண்ணன் கேட்டான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவன் கேட்கவே இல்லை. அது என் ஆசை. ஒரு பாராட்டு கிடைத்தவனுக்கு இரண்டாவது வேண்டியிருந்தது. தகடு அதிராமல் இருக்கக் கூரையின் உள்பக்கம் முழுக்கவும் பின்சுவரிலும் தார் அட்டைகளைச் சூடுகாட்டி ஒட்டினேன். கேபின் கூரைக்கு மேலே தார்ப்பாயும் கயிறும் வைக்கிற கேரியர் ஒன்று இருக்கும். அது பின்னால் இருக்கும் பாடியோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். பாடியில் எழும் சத்தமெல்லாம் அந்தக் கேரியரின் நான்கு கால்கள் வழியாகத்தான் கூரைத் தகட்டில் இறங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தேன். நான்கு கால்களுக்கும் அடியில் அதிர்வைத் தாங்கும் தடித்த ரப்பர் வளையங்களை, புஷ் என்பார்கள், கொடுத்தேன். ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால், கோவில் கருவறைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எனக்கு அழுகையே வந்தது.

அப்போது பக்கத்தில் நின்றவன் பேச்சிமுத்து. அண்ணனுக்கு ஆரம்பத்திலிருந்து கிளீனர், என்னைவிட ஒரு வயது மூத்தவன். இருந்தாலும் முதலாளியின் தம்பி என்பதால் என்னை அண்ணாச்சி என்பான். அவனுக்குக் குரல் எடுபடாது. பக்கத்தில் நின்று பேசினாலே காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அதனால் லாரியைப் பின்னால் எடுக்கும்போது மற்ற கிளீனர்களைப் போல "வரட்டும், வரட்டும்" என்று கத்தமாட்டான். அண்ணனுக்கும் அவனுக்கும் தனி ஏற்பாடு. சத்தம் இல்லாதவரை வண்டி வரலாம். பாடிப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அந்தத் தட்டு பலகையில் விழுந்து, கேரியர் வழியாகக் கூரைத் தகட்டில் ஏறி, அண்ணனின் தலைக்கு மேலே பறை மாதிரி விழும். எத்தனை சரக்கு, எத்தனை இரைச்சல் இருந்தாலும் கேட்கும். "பேச்சி கைதாம்லே எனக்குப் பின்கண்ணாடி" என்பான் அண்ணன்.

நான் புஷ்ஷை முடுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்டான்: "அண்ணாச்சி, இதைப் போட்டுட்டா நான் தட்டுதது உள்ள கேக்குமா?"

"லாரியில ரெண்டு பக்கமும் கண்ணாடி எதுக்கு வச்சிருக்கான்? எருமைய ஓட்டுத மாதிரி இன்னமும் தட்டித் தட்டித்தான் ஓட்டணுமாடே?" என்றேன்.

நான் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் ஒரு நிறைவு இருந்தது. படிப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குக் காட்டிவிட்ட நிறைவு. ஒருவன் இருபது வருடம் செய்துவந்த வேலையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த பதில் அது. ஒரு நிமிடம் கீழே இறங்கி, அவனைத் தட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருந்தால் போதும்.

பிறகு அண்ணன் ஏற்றிய இரண்டாவது நடையிலோ மூன்றாவதிலோ அது நடந்தது. வழக்கமாக ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துத்தான் ஓட்டுவான். அதனால் அதுவரை வித்தியாசம் தெரியவில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு நெல் ஏற்றிப் போயிருந்தார்கள். ஆலை முற்றத்தில் உமித்தூசி கண்ணை மறைத்ததால் இரண்டு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, மூட்டை இறக்கும் மேடையை நோக்கிப் பின்னால் எடுத்திருக்கிறான். மேடையின் அடியில் ஒரு மூட்டை சரிந்து கிடந்தது. பேச்சி பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மூட்டையை இழுத்துப்போடக் குனிந்தான். தட்டினால் வண்டி நிற்கும். இருபது வருடமாக நின்றிருக்கிறது. அதனால் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி நிற்கவில்லை. வலது கால் மேடைக்கும் பாடிக்கும் நடுவில் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான். "தட்டு கேக்கலைலே" என்றான். "சத்தியமாக் கேக்கலை. தட்டாம இருக்கமாட்டான். எனக்குக் கேக்கலை." நான் அவன் தோளில் கை வைத்தேன். வைத்த கைக்கு அந்த நிமிடமே காரணம் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. லாரி என் பட்டறையில்தான் நின்றது. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ அப்போது எட்டாம் வகுப்பு. உன்னை மாமா வீட்டில் விட்டிருந்தோம். அவளைப் பின்னால் நிறுத்தி, பலகையில் தட்டச் சொல்லிவிட்டு, நான் கேபினுக்குள் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தேன். காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் தட்ட ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் கை விழுந்துகொண்டிருந்தது. விழுந்துகொண்டே இருந்தது. நான் இறங்கிப் போனேன். அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. "கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சு" என்றேன். அதுதான் முதல் பொய். அதை நான் உன் அம்மாவிடம் சொன்னேன்.

அவள் வீட்டுக்குப் போனதும் ரெக்சினை அவிழ்த்தேன். தார் அட்டைகளைச் சுரண்டி எடுத்தேன். பஞ்சையும் எடுத்தேன். கேரியரின் கால்களுக்கு அடியிலிருந்த நான்கு புஷ்களையும் கழற்றி, பழையபடி இரும்பின்மேல் இரும்பாக முடுக்கினேன். ரெக்சினை முன்போலவே இழுத்துத் தைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தையல்கூட மாறவில்லை. என் வாழ்க்கையில் பாராட்டு வாங்கிய ஒரே வேலையை ஒரு மத்தியானத்தில் நானே பிரித்துப் போட்டேன். ஒத்துக்கொண்டிருந்தாலும் அந்த வேலை போயிருக்கும். ஒத்துக்கொள்ளாமல் போனதால் அண்ணனும் போனான்.

பத்து நாள் கழித்துச் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம் என்று பேச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே சொல்லிவிட்டிருந்தான். ஆனால் டிரைவர்கள் விடவில்லை. போன் பேசினாயா, குடித்திருந்தாயா என்று அண்ணனைக் கேட்டார்கள். ஒரு துளி தொடாதவனைக் கேட்டார்கள். அவன் எழுந்து நின்று, "எனக்குத் தட்டு கேக்கலைவே. தம்பி கூரையில என்னமோ ஒட்டுனான். அதுக்கப்புறந்தான் இப்படி" என்றான். நான் அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்தேன். என் குரல் நன்றாக எடுபடும். "கூரையில நான் ஒட்டுனது வெயிலுக்கு. சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது. வண்டி வெளிய நிக்கி. யாரு வேணும்னாலும் ஏறி உக்காந்து பாருங்க" என்றேன்.

நான்கு பேர் ஏறி உட்கார்ந்தார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஒருவர் பின்னால் போய்த் தட்டினார். நால்வரும் இறங்கி வந்து, "நல்லாக் கேக்கு" என்றார்கள். ஒருவர் "மண்டையில அடிக்க மாதிரிக் கேக்கு" என்று சிரித்தார். கடைசியாக அண்ணன் ஏறினான். இரண்டு தட்டு விழுந்தது. கண்ணாடி வழியாக அவன் முகத்தை நான் பார்த்தேன். ஏதோ கேட்டுவிட்ட முகம். மெதுவாக இறங்கி வந்தான். யாரையும் பார்க்காமல், "அப்பம் எங்காதுதான் அன்னைக்குப் போச்சு போலுக்கு" என்றான். நான் அவனுக்கு மூன்று அடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஸ்டீரிங்கைத் தொடவில்லை. லாரியை விற்றுவிட்டு மதினியின் ஊரான கல்லிடைக்குறிச்சிக்குப் போனான். அப்பளக் கடை ஒன்றில் எடை போட்டுக் கட்டும் வேலையில் சேர்ந்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட ஆரம்பித்தேன். நாலு பேர் முன்னால் என் வேலையைக் குறை சொன்னான், தம்பி என்று பார்க்காமல் என்மேல் பழி போட்டான் என்று வீட்டில் சொல்லத் தொடங்கினேன். முதல் வருடம் அது பொய் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. மூன்றாவது வருடம் பாதிதான் தெரிந்தது. ஐந்தாவது வருடத்தில் நான் நிஜமாகவே மனம் புண்பட்டவன் ஆகிவிட்டேன். எலி என்று சிரித்ததையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். அந்த மீசைக்காரரையும் சேர்த்துக்கொண்டேன். குற்றம் செய்தவன் தூங்குவதற்கு வசதியான கட்டில் பிறர்மேல் உள்ள வருத்தம். நான் பதினாலு வருடம் அதில் படுத்திருக்கிறேன். உனக்கும் அப்படி ஒரு கட்டில் அமைந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். யார்மேலாவது உனக்கு நெடுநாள் கோபம் நிலைத்திருந்தால், அவர் உனக்குச் செய்ததைப் பார்க்கும் முன், நீ அவருக்கு என்ன செய்தாய் என்று ஒருமுறை தேடிப்பார்.

அன்று உன்னிடம் கத்திவிட்டு நான் நின்றபோது நீ பையை எடுத்துக்கொண்டே சொன்னாய். "போன மாசம் நான் பெரியப்பாவப் பாத்துட்டு வந்தேன். அவருக்குக் காது நல்லாத்தாம்ப்பா கேக்கு. பெரியம்மா அடுப்படியில பேசுதது கேக்கு, தெருவுல சைக்கிள் மணி கேக்கு. ஆனா நாம எதுன்னாலும் சொன்னா, இன்னொரு தடவை சொல்லுய்யாங்காரு. ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை கேக்காரு. அவருக்கு அவரு காது மேல நம்பிக்கையே இல்லப்பா." பதினாலு வருடமாக ஒரு மனிதன் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறான். அந்தச் சந்தேகத்தை ரெக்சினுக்குள் வைத்துத் தைத்தவன் நான்.

நீ போன மூன்றாம் நாள் காலையில், நீ பெயர் எழுதிய அந்த உறையையும், பட்டறையில் போல்ட் டப்பாவின் அடியில் கிடந்த நான்கு ரப்பர் புஷ்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனால் மதினி என்னை உட்காரச் சொல்வாள், காப்பி தருவாள், நான் சொல்லாமல் வந்துவிடுவேன். அதனால் நேராக அப்பளக் கடைக்குப் போனேன். அண்ணன் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மெலிந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கையிலிருந்த கட்டை எடை போட்டு முடித்துவிட்டு, "பிள்ளைக்குக் கல்யாணமாம்லா" என்றான்.

நான் புஷ்களை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தேன். சொன்னேன். கேரியர் காலுக்கு அடியில் இதைப் போட்டது, பேச்சி கேட்டது, நான் எருமை என்று சொன்னது, ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா தட்டியது, எனக்குக் கேட்காதது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வண்டியைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. எல்லாம் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பதினாலு வருடத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட முடிகிறது.

அண்ணன் ஒரு புஷ்ஷை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். அது இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. பிறகு, "இன்னொரு தடவை சொல்லுலே" என்றான்.

வழக்கத்தில் கேட்டானா, கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை சத்தமாகச் சொன்னேன். அப்பளம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைக்காரர் வெளியே வந்து நின்றார். நான் நிறுத்தவில்லை.

"அப்பம் எங்காதுக்கு ஒண்ணுமில்ல" என்றான் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே."

"காது டாக்டருங்கூட ஒண்ணுமில்லன்னுதாம்லே சொன்னாரு. நாந்தான் அவருக்கு ஒண்ணும் தெரியலைன்னு வந்துட்டேன்." கையிலிருந்த புஷ்ஷைத் திரும்பத் தட்டில் வைத்தான். "பேச்சிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"காலு அவனுக்குலா போச்சு. எனக்கு என்ன போச்சு? மொதல்ல அங்கன போய்ச் சொல்லு. அவன் வந்தா நான் வாரேன்." உறையை வாங்கிக்கொண்டான். பிரிக்கவில்லை. உன் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, தராசுக்கு அடியில் செருகி வைத்தான். நான் கிளம்பியபோது பின்னாலிருந்து சொன்னான்: "ஏலே, அந்த எலி விசயம் டீக்கடையில சொன்னேன்லா. ஒனக்கு வலிச்சுருக்கும்னு அப்பம் தெரியலைலே." நான் திரும்பிப் பார்க்கவில்லை. இவ்வளவு காலம் நான் பத்திரமாக வைத்திருந்த வருத்தத்தை அவன் ஒரு வார்த்தையில் கேட்காமலேயே வாங்கிக்கொண்டான்.

அங்கிருந்து நேராகச் சேரன்மகாதேவி. பேச்சி அதே ஆலையில் வாசல் காவல் பார்க்கிறான். ஆலை முதலாளி அந்த வேலையாவது கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கம்பை மடியில் வைத்திருந்தான். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவன் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. அவன் குரல் இன்னும் மெலிந்திருந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நான் அன்னைக்கே கேட்டேன்லா அண்ணாச்சி" என்றான். "தட்டுனாக் கேக்குமான்னு."

"கேட்ட, பேச்சி."

"கூட்டம் போட்டப்ப நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். அப்புறம் எங்கிட்ட யாரு கேட்டா? தட்டுனியான்னு கேட்டாவ. தட்டுனேன்னேன். அதோட எந்திரிச்சுப் போயிட்டாவ." கம்பைத் தரையில் ஊன்றினான். "டிரைவர் அண்ணாச்சி மாசம் ஒருக்கா வருவாரு. எங்காது போயித்தான் ஒங்காலு போச்சுன்னு அழுவாரு. இல்ல அண்ணாச்சி, அந்தக் கூரைதான்னு நான் சொல்லுவேன். எஞ்சத்தம் அவருக்குக் கேக்கலையோ என்னமோ, இன்னொரு தடவை சொல்லும்பாரு. சொன்னாலும் நம்பமாட்டாரு. வண்டியில உக்காந்து பாத்தேம்டே, எனக்கே கேட்டுச்சும்பாரு."

நான் அங்கே என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் அழகாக எழுதிவிடுவேன். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "சங்கத்துல சொன்னியள்லா, இதையும் எழுதி அங்கன ஒட்டுங்க. ஒட்டுனா வாரேன்" என்றான். அதனால்தான் அறிவிப்புப் பலகை.

இனி உன் வேலை. கூரைக்கு வெப்பத் தடுப்பு வை. எவ்வளவு முடியுமோ அவ்வளவு வை. ஒரு டிரைவரின் துண்டு காய்ந்து கிடப்பதைத் தொட்டுப் பார்த்தவன் நான். அதைவிடப் பெரிய காரியம் உன் படிப்பால் செய்ய முடியாது. சத்தத்தையும் குறை, அவர்கள் தலைக்குள் இரைச்சல் நின்று போகட்டும். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவனை மட்டும் கேட்டுவிட்டு வரைபடத்தை முடிக்காதே. வண்டிக்குப் பின்னால் நிற்கிறவன் யார், அவன் தன் சத்தத்தை எந்த வழியாக உள்ளே அனுப்புகிறான் என்று போய்ப் பார். இன்று கேமராவும் கருவியும் இருக்கின்றன என்பாய். இருக்கட்டும். நானும் கண்ணாடி இருக்கிறதே என்றுதான் சொன்னேன். யாராவது கீழே நின்று அண்ணாந்து ஒரு கேள்வி கேட்டால், இறங்கிப் போ. பதில் தெரிந்தாலும் இறங்கிப் போ.

உன் அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நீங்க இறங்கி வந்த மூஞ்சியப் பாத்தே தெரியும்" என்றாள். பதினாலு வருடம் எதற்குக் கேட்காமல் இருந்தாள் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அந்தப் பதிலையும் நான் ஒருநாள் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பந்தக்கால் நாட்டும் நாளன்று காலையில் அண்ணனும் பேச்சியும் கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் ஒன்றாக வருகிறார்கள். அண்ணன் சேரன்மகாதேவியில் இறங்கி, பேச்சியை ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. நீ புதிய பஸ் நிலையத்தில் போய் நில். பேச்சி இறங்கும்போது கை கொடு. படி உயரமாக இருக்கும். நான் வீட்டு வாசலில், குழி தோண்டிய இடத்தில் நிற்பேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். அண்ணன் பந்தக்காலைத் தொட்டு நிமிர்த்துவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, இன்னொரு தடவை சொல்லுலே என்பான். சொல்வேன்.

அப்பா